மக்ரோணியில் புகுந்த அரசாணிக்காய்

போன செவ்வாய்க்கிழமை ஒரு மனிதருடைய பிழைப்பில் நான் அரசாணிக்காயைப் போட்டுவிட்டேன்.

மண்ணைப் போடுவதுதான் வழக்கம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் போட்டது காய். தோல் சீவி, விதை எடுத்து, சதுரம் சதுரமாக நறுக்கிய காய். மற்ற ஊர்களில் அதற்குப் பறங்கி என்று பெயர். நான் பிறந்த முதலமடைப் பக்கத்தில் அரசாணி. பெயர் எதுவானால் என்ன... பிழைப்பு போவது ஒன்றுதானே?

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். இன்றைக்குத்தான் புதிதாக வந்து மாட்டிக்கொண்டவர்களுக்காகச் சொல்கிறேன். சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ரைட்டர். ஆபீசில் எழுதுவதும் படிப்பதும் என் வேலை. ஆயிரம் பேர் கொழுந்து கிள்ளும் இந்த மலையில் இங்கிலீஷ் தெரிந்த தமிழன் நான் ஒருவன்தான். துரைக்கு வேறு ஆள் இல்லை. லைன் வீடுகளில் குடியிருக்கும் கூலி ஜனங்களுக்கும் வேறு ஆள் இல்லை. அதனால் நான் பெரிய பண்டிதன்.

பண்டிதனாக இருப்பதில் ஒரு ரகசியம் உண்டு. தெரிந்த வார்த்தையைச் சாதாரணக் குரலில் படிக்க வேண்டும். தெரியாத வார்த்தை வந்தால் குரலை உயர்த்த வேண்டும்! பன்னிரண்டு வருஷமாக இந்த முறை ஒரு தடவைகூடத் தவறியதில்லை... போன செவ்வாய் வரைக்கும்.

பிழைப்பு பறிபோக இருந்த அந்த மனிதர் பங்களாவின் சமையற்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். பதினோரு வருஷத்தில் மூன்று துரைகளுக்கு ஆக்கிப் போட்டவர். மூன்று துரைகளும் வரும்போது ஒல்லியாக வந்தார்கள். முதல் இரண்டு பேர் போகும்போது நாற்காலி மாற்ற வேண்டியிருந்தது. ஊரில் அண்ணாச்சிக்கு நிலமும் கிடையாது, வீடும் கிடையாது. பங்களாவுக்குப் பின்னால் உள்ள இரண்டு அறைதான் எல்லாம். மனைவியும் அவரும் அங்கேதான்.

இந்தச் சமயத்தில் துரைக்குக் கல்யாணமாகி, சீமையிலிருந்து துரைசானி வந்து சேர்ந்தாள். சின்னப் பெண். மலையைப் பார்த்தாள், மழையைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "மக்ரோணி சீஸ் வேண்டும்" என்றாள்.

மக்ரோணி என்பது ஒரு சீமைப் பண்டம். சேமியாவை யாரோ ஊதிப் பெருக்கவைத்தது போல, நடுவில் துளையோடு இருக்கும். எங்கள் வீட்டுக்காரி மயிலாத்தா அதைக் கையில் வாங்கி, கண்ணில் வைத்து என்னைப் பார்த்து, "ஏனுங்க, இதுல நீங்க நல்லாத் தெரியறீங்க" என்றாள். சீஸ் என்பதோ பாலில் செய்த கட்டி. சிவப்பு டப்பாவில் வரும். வாசனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. வருகிற சந்தாதாரர்களையும் விரட்ட வேண்டுமா?

அண்ணாச்சி முதல் தடவை மக்ரோணியை வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்து, சீஸைத் தேங்காய்ப்பூ மாதிரி மேலே தூவிக் கொண்டுபோய் வைத்தார். துரைசானி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இரண்டு கூஜா தண்ணீர் குடித்தாள். இரண்டாவது தடவை பங்களாவின் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துச் சுட்டார். பெட்டியின் பின்பக்கத் தகடு அன்று பார்த்து வெடித்தது. மக்ரோணி கரியாகி வெளியே வந்தது. துரைசானி கோபப்படவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

அழுததுதான் வினை. கோபப்பட்டால் துரை சிரித்திருப்பார். அழுததும் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வருகிற செவ்வாய் துரைசானியின் பிறந்த நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மக்ரோணி சரியாக வரவேண்டும். வராவிட்டால் கொச்சியிலிருந்து மனுப்போட்டிருக்கிற சமையற்காரனை எழுதி வரவழைத்துவிடுவேன் என்றார். அதை நான் அண்ணாச்சிக்குத் தமிழில் சொன்னேன்.

அதை மட்டும் சரியாக மொழிபெயர்த்தேன்.

சனிக்கிழமைத் தபாலில் துரைசானியின் தாயாரிடமிருந்து கடிதம் வந்தது. உள்ளே மக்ரோணி செய்யும் முறை, ஒரு தனித் தாளில். துரைசானி அதை அண்ணாச்சியிடம் கொடுத்தாள். அண்ணாச்சி அதை இரண்டு நாள் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்துவிட்டு, திங்கட்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"ரைட்டரையா, இருக்கியளா?"

"வாங்க அண்ணாச்சி. உட்காருங்க."

"உக்காரதுக்கு வரல்ல. இதை ஒரு எழுத்து விடாமப் படிச்சுச் சொல்லணும். ரெண்டு தடவை என் புத்தியில செஞ்சேன், கெட்டுது. இந்தத் தடவை சுடலைமுத்துவுக்குப் புத்தியே கெடையாது. தாள்ல என்ன உண்டோ அதான். அதுல இல்லாததை ஒரு குண்டுமணி போடமாட்டேன்."

மயிலாத்தா கதவோரம் வந்து நின்றாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் பண்டிதன் என்றால் துடைக்க வேண்டும்.

முதல் வரியே இடறியது.

"அவன் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாங்க" என்றேன்.

அண்ணாச்சியின் முகம் விழுந்துவிட்டது. "சீமை வரைக்குமா எழுதிட்டாங்க? அந்தம்மா என்னைக் கண்ணால கண்டதுகூடக் கெடையாதே ஐயா!"

"உங்களை இல்லை அண்ணாச்சி. ஓவன்... அந்தச் சூட்டுப் பெட்டி. நீங்களே அவன், அவன் என்றுதானே சொல்வீர்கள்? அது வேண்டாமாம். அடுப்பு மேலேயே செய்துவிடலாமாம்."

"சவம், உசிரு போயி வந்துட்டுது." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் வெடிச்சுக் கெடக்கதும் நல்லதாப் போச்சு. மேல படிங்க."

அரை ராத்தல் மக்ரோணி. கொதிக்கிற தண்ணீரில் வேகவைத்து வடிகட்டு. இதுவரை நல்ல ரஸ்தா. அடுத்து வெண்ணெய். 'வால்நட்' அளவுக்கு இரண்டு உருண்டை.

குரலை உயர்த்தினேன். "வால்நட் அளவு வெண்ணெய்!"

"அது எம்புட்டு?"

நட் என்றால் கொட்டை. அது எனக்குத் தெரியும். ஆனால் வால்? சீமையில் கொட்டைக்கு வால் இருக்குமா? மாந்தோப்புக்கு நடுவே வளர்ந்த முதலமடைக்காரன் மூளை எங்கே ஓடும்? எங்கள் ஊரில் வால் முளைத்தது போல் நார் தொங்கும் கொட்டை ஒன்றுதான் உண்டு.

"மாங்கொட்டை, அண்ணாச்சி. மாங்கொட்டை அளவு, ரெண்டு."

"அடேயப்பா! சீமையில மாடு நெறைய உண்டு போல."

பிறகு இரண்டு கரண்டி மைதா. வெண்ணெயில் நிறம் மாறாமல் வறுக்க வேண்டும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறு. கரண்டியின் முதுகில் ஒட்டும் பதம் வந்ததும் இறக்கி, துருவிய சீஸைப் போடு. மக்ரோணியை அதில் சேர். இதெல்லாம் அண்ணாச்சிக்குப் பழக்கமான சங்கதி, தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் இரண்டே வார்த்தை.

'சீசன் வெல்.'

அதற்குக் கீழே, சூடாகப் பரிமாறு. முடிந்தது.

"சீசன் வெல்லுன்னா?" என்றார் அண்ணாச்சி.

இதற்குப் போய்க் குரலை உயர்த்துவேனா? சீசன் தெரியாத ஆள் இந்த மலையில் யார்? மழை நின்று வெயில் அடித்துக் கொழுந்து தளதளவென்று வந்தால் அது சீசன். சீசன் என்றால் லீவு கிடையாது. பிள்ளை பெற்றவளுக்கே யோசித்துத்தான் லீவு. வெல் என்றால் நன்றாக. ஆக...

"இப்போது எது நல்ல சீசனோ, அதைப் போடணும்" என்றேன்.

"எதைப் போட?"

"காய்கறிதான். வேறென்ன? இந்த மாசம் எது நன்றாக விளையுதோ அது."

மயிலாத்தா கதவோரத்திலிருந்து, "ஏனுங்க, எந்தக் காய்னு பேரு போடலீங்களா?" என்றாள்.

"சீமையில் ஒரு காய், இங்கே ஒரு காய். அதனால் பொதுவாக எழுதியிருக்கிறாங்க. படிச்சவங்க அப்படித்தான் எழுதுவாங்க."

"நல்லவேளைங்க... இது மாங்கா சீசன்ல வந்திருந்தா அந்தப் பொண்ணு கதி என்னாகோணும்?"

நான் அதைக் காதில் வாங்கவில்லை. அண்ணாச்சியின் முகமோ மலர்ந்துவிட்டது. காய் என்றதும் தெரிந்த தெருவுக்குள் நுழைந்தவர் மாதிரி ஆகிவிட்டார். பங்களாத் தோட்டத்தில் பட்டாணியும் காரட்டும் பீன்ஸும் கொட்டிக் கிடக்கின்றன என்றார். "எங்கூட்டு அரசாணியும் இப்பத்தானுங்க சீசன்" என்று மயிலாத்தா கொல்லையில் போய் ஒன்றை அறுத்துக்கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். உதவி செய்கிற சந்தோஷம் அவளுக்கு. பிள்ளையைத் தூக்குவது போல வாங்கிக்கொண்டார்.

வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். "உப்பு போடச் சொல்லலியே ஐயா?"

தாளை மறுபடி பார்த்தேன். சால்ட் என்ற வார்த்தையே இல்லை. "இல்லை."

"அப்பம் உப்பு போடல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆபீசில் வேலை கொஞ்சம் ஓய்ந்தது. எனக்கு அந்த வாலுள்ள கொட்டை உறுத்திக்கொண்டே இருந்தது. அலமாரியில் ஒரு தடித்த இங்கிலீஷ் அகராதி உண்டு. காற்றில் பறக்காமல் காகிதங்கள் மேல் வைப்பதற்காகவே நான் அதை உபயோகித்துவந்தேன். அன்று திறந்து பார்த்தேன். வால்நட் என்பது எலுமிச்சையைவிடச் சிறியது என்று தெரிந்தது.

மாங்கொட்டை எங்கே, எலுமிச்சை எங்கே! சரி, அதிக வெண்ணெய்க்கு யாரும் செத்ததில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு செங்கல் ஆடினால் அடுத்த செங்கலையும் ஆட்டிப் பார்க்கத் தோன்றுமா, இல்லையா? 'சீசன்' என்ற பக்கத்தைப் புரட்டினேன்.

முதல் அர்த்தம் — பருவம். அதுதானே பார்த்தேன்!

இரண்டாவது அர்த்தம் — உணவில் உப்பும் மிளகும் மற்றவையும் சேர்த்து ருசியூட்டுதல்.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. 'உப்பை நன்றாகப் போடு' என்று ஒரு தாயார் ஏழு கடல் தாண்டி எழுதியதை, 'உப்பே போடாதே, அரசாணிக்காய் போடு' என்று மொழிபெயர்த்த ஒரே ஆள் உலகத்திலேயே நான்தான்.

ஆபீசிலிருந்து பங்களா ஒரு மைல். முழுக்க ஏற்றம். தூறல். குடையை எடுத்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே ஓடினேன். பன்னிரண்டு வருஷத்தில் நான் ஓடி யாரும் பார்த்ததில்லை. கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "ஏ, ரைட்டரையாவே ஓடுதாரு! யானை வருதுடீ!" என்று கத்தினாள். அவ்வளவுதான். கூடையோடு நாற்பது பேர் ஓட ஆரம்பித்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்து ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து, யானை நிஜமாகவே வந்துவிட்டதோ என்று நான் இன்னும் வேகமாக ஓடினேன்.

பங்களாச் சமையலறைக்குப் பின்வாசல் வழியாகப் போய் விழுந்தபோது காலில் ஆறு அட்டைகள். அண்ணாச்சி அடுப்பருகில் நின்றிருந்தார். சட்டியில் மஞ்சள் நிறத்தில் தளதளவென்று ஏதோ மினுங்கியது. நடுநடுவே பச்சைப் பட்டாணி. அரசாணித் துண்டுகள் பாதி கரைந்து, பாதி முழித்துக்கொண்டிருந்தன.

"அண்ணாச்சி... உப்பு!"

"போடல்ல ஐயா. சத்தியமாப் போடல்ல."

"போடணும்! அதுதான் சீசன். சீசன் என்றால் உப்பு, மிளகு."

"அப்பம் காய்?"

"காய்... காய் கிடையாது."

அண்ணாச்சி சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சட்டியைப் பார்த்தார்.

"என்னவே சொல்லுதீரு?" என்றார்.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக 'ஐயா' கழன்று விழுந்தது.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுதுக்கு என்னவே? நாக்குல புண்ணா? நான் தேவிகுளத்துல போயி வேற ஆளைப் பாத்துருப்பேன், இல்லன்னா அந்தப் பிள்ளை கிட்டயே கைச்சாடையில கேட்டிருப்பேன். இந்த வயசுல மலையை விட்டு எறங்கி எந்தப் பங்களாவுல போயி நிக்க நான்?"

காலில் அட்டை குடித்துக்கொண்டிருந்தது. குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டு அறையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி உப்பு ஜாடியைத் திறந்தார். கையில் எடுத்தார். அப்படியே நின்றார்.

"எவ்வளவு போட? சீசுக்குள்ள ஏற்கெனவே உப்பு உண்டு. எம்புட்டு உண்டுன்னு நான் கண்டேனா?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அண்ணாச்சி பரிமாறுவதற்கு முன் எதையும் ருசி பார்க்க மாட்டார். எச்சில் ஆகிவிடும். ஆட்டுக்கறியோ சூப்போ, எல்லாம் மூக்காலேயே கணக்குப் பண்ணுவார். உப்புக் குறைந்தால் மூக்குக்குத் தெரியும் என்பார், தெரிந்தும் இருக்கிறது.

"மத்ததுன்னா மூக்கு சொல்லும். இந்தச் சவத்துல மூக்கு என்ன சொல்லும்? நல்ல சீசும் இப்படித்தான் நாறுது, கெட்ட சீசும் இப்படித்தான் நாறுது." ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் தனியாக எடுத்து என் முன்னால் நீட்டினார். "நீரு தின்னும்."

"நானா?"

"பின்ன? கெடுத்தவன் தின்னட்டும்."

கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன். பால் சோற்றில் தலையணையை ஊறவைத்தது மாதிரி இருந்தது. "போடுங்க" என்றேன். ஒரு சிட்டிகை உப்பைச் சட்டியில் தூவிக் கிளறி, வேறொரு கிண்ணத்தில் கொடுத்தார். "இன்னும்." மறுபடி ஒரு சிட்டிகை. கொஞ்சம் மிளகுப் பொடி. அவராகவே யோசித்துக் கடுகுப் பொடியும் ஒரு துளி சேர்த்தார். அப்போதுதான் அது நடந்தது. எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்த சீஸ் எழுந்து வந்து நாக்கில் உட்கார்ந்தது. மாங்கொட்டை வெண்ணெய் வழுக்கிக்கொண்டு போயிற்று. அரசாணி இனித்தது. பட்டாணி நறுக்கென்றது.

"இன்னும் கொஞ்சம் கொடுங்க, சரியாகத் தெரியவில்லை" என்றேன்.

"போதும்வே!"

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கடைசிக் கிண்ணம் பரிசோதனைக்கு வேண்டியதே இல்லை.

அண்ணாச்சி சட்டியைத் தட்டில் கவிழ்த்து, துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். நான் விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆமாம், ஒளிந்துகொண்டேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. பிறகு துரைசானியின் குரல் கேட்டது. "இது அம்மா செய்வது மாதிரி இல்லையே!"

நான் விறகைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தக் காயெல்லாம் யார் போடச் சொன்னது?"

அண்ணாச்சிக்கு இங்கிலீஷில் நாற்பது வார்த்தை தெரியும். அத்தனையும் சமையலறைச் சாமான். முந்தின நாள் நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும் சேர்ந்திருந்தன. அவற்றை எடுத்து வைத்தார்.

"சீசன் வெல், மேடம். பீஸ், குட் சீசன். காரட், குட் சீசன்."

முதலில் துரைதான் இருமினார். அப்புறம் துரைசானி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நின்றது போலிருக்கும், "குட் சீசன்!" என்பாள், மறுபடி கிளம்பும். அவள் இந்த மலைக்கு வந்து சிரித்து யாரும் கேட்டதில்லை. தோட்டக்காரன் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுவிட்டான். கடைசியில் துரை தமக்குத் தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னார்: "குக்... அம்மா மாதிரி இல்லே. ஆனா ரொம்ப நல்லா. கொச்சி ஆள் வேண்டாம்."

அண்ணாச்சி காலித் தட்டோடு திரும்பி வந்தார். வழித்த தட்டு. என்னை விறகுக்குப் பின்னாலிருந்து வெளியே வரச்சொல்லி, சுண்ணாம்பு தடவி ஒவ்வொரு அட்டையாக எடுத்தார். எடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "தாயாரு கைப்பக்குவம் அப்படியே வந்திருந்தா அந்தப் பிள்ளை இன்னைக்கும் அழுதிருக்கும், ஐயா."

'ஐயா' திரும்பி வந்துவிட்டதைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன்.

ஆனால் சங்கதி லைனுக்குப் போகாமல் இருக்குமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டு வாசலில் ஐந்து பேர். தேவிகுளம் சர்க்கார் கச்சேரியிலிருந்து வந்த பழைய காகிதங்களோடு நிற்கிறார்கள். எல்லாம் நான் ஏற்கெனவே படித்துச் சொன்னவை. "ஐயா, இன்னொரு தடவை..." என்றார்கள், மரியாதையாக. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு கிழவருக்கு 'மனு சீக்கிரம் பலிக்கும்' என்று நான் சொல்லியிருந்தது, உண்மையில் 'மனுவில் கையெழுத்து இல்லை' என்று இருந்தது. ஒரு வருஷமாகக் காத்திருக்கிறார், பாவம். அங்கேயே புது மனு எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன்.

இன்னொரு காகிதத்தில் ஒரு வார்த்தை அகராதியிலும் இல்லை. குரலை உயர்த்தப் பார்த்தேன். வரவில்லை. "தெரியாது" என்றேன்.

நாலே எழுத்து. சொல்லிப் பார்த்தேன், நாக்கில் புண் ஒன்றும் வரவில்லை. வந்தவர்கள் என்னைக் கேவலமாகவும் பார்க்கவில்லை. "அப்பம் மத்த நாலும் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இது தெரிந்திருந்தால் பன்னிரண்டு வருஷமாகத் தொண்டையையாவது காப்பாற்றியிருக்கலாம்.

மயிலாத்தா மட்டும் இன்னும் விடவில்லை. நேற்று ரசத்தில் உப்பே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"இது உப்பு சீசன் இல்லீங்களே!" என்றாள்.